தரங்கம்பாடியில் உங்கள் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வந்த விவரம்

கொன்றைநல்லூர்,
சௌமிய வருஷம்,
மாசி மகம் கழிந்த மூன்றாம் நாள்.

ம-ள-ள-ஸ்ரீ மாப்பிள்ளை கல்யாணம் அவர்களுக்கு, மைத்துனன் அமிர்தலிங்கம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நாகபுரியில் தாங்களும் என் தங்கை பர்வதமும் குழந்தைகளும் ஒரு குறைவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நான் முழுசாக இருக்கிறேன். கை இரண்டு, கால் இரண்டு, செருப்பு மட்டும் ஒன்று.

முதலில் தந்தி விஷயம். ‘அமிர்தலிங்கம் கடத்தப்பட்டார், உடனே புறப்படவும்’ என்று பெரிய பண்ணை ராமசுப்பிரமணியம் உங்களுக்குக் கொடுத்த தந்தியைக் கிழித்துப் போடவும். நீங்கள் லீவு போட்டுப் புறப்படுவதாகக் கொடுத்த பதில் தந்தி நேற்று வந்தது. அதைப் பார்த்து என் சம்சாரம் அகிலாண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் மைத்துனனுக்காக லீவு போடுகிற மாப்பிள்ளை யார் இருக்கிறார்கள்? ஆனாலும் லீவை ரத்து செய்துவிடுங்கள். என்னை யாரும் கடத்தவில்லை. நான் மீன் சாப்பிடப் போனேன்.

இந்த இடத்தில் பர்வதம் பக்கத்தில் இருந்தால் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீதியை ஆபீஸில் போய்ப் படிக்கவும்.

நம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம், முட்டையைக்கூட ‘அது’ என்று சொல்கிற வீடு என்பதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் மாசத்துக்கு ஒரு தடவை எனக்குக் கடல் பக்கம் போகாவிட்டால் உடம்பு ஒரு மாதிரியாகிவிடுகிறது. திருக்கடையூரில் அபிராமிக்கு அர்ச்சனை என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செம்பனார்கோயிலில் ரயில் ஏறுவேன். அர்ச்சனையும் செய்வேன், அதில் பொய் இல்லை. ஆனால் அதே ரயில்பாதை கொஞ்ச தூரம் தள்ளித் தரங்கம்பாடி வரை போகிறது. பாதையைப் போட்டவர்கள் மேல்தான் குற்றம்.

இந்தத் தடவை போனதற்கு மீன் மட்டும் காரணம் அல்ல. தாளடி நெல் இந்த வருஷம் அருமையாக விளைந்து, கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. அறுக்க ஒரு ஆள் இறங்கவில்லை. சர்க்கார் புதுச் சட்டம் போட்டு அறுப்புக் கூலியை உயர்த்திவிட்டது. சட்டத்தில் உள்ளதைக் கொடுங்கள் என்று சிவப்புக் கொடிச் சங்கம் கேட்கிறது. கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் சட்டம் போடுவார்கள், களத்தில் கூலி அளக்கிற மரக்கால் நம் கையில்தானே இருக்கிறது என்கிறார் பெரிய பண்ணை. போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் நாகப்பட்டினம் பக்கம் குடிசையோடு ஜனம் எரிந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கேயும் பேச்சு ஒரு அரைப்படி நெல்லில்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இங்கே வைக்கோற்போர் லேசாகப் புகைந்தால்கூட ஊர் முழுக்க எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படி இருக்கும்போது பெரிய பண்ணை வீட்டில் கூட்டம் போட்டு, வெளியூரிலிருந்து லாரியில் அறுப்பு ஆட்களைக் கொண்டுவருவது, முதல் லாரியை அமிர்தலிங்கத்தின் வயலில் இறக்குவது என்று முடிவு கட்டினார்கள். ஏன் என் வயல் என்று கேட்டேன். ரோட்டை ஒட்டி இருக்கிறதாம். அதில் பர்வதத்தின் பங்கும் இருக்கிறது என்றேன். அப்படியானால் இரண்டு பேருக்கும் பெருமை என்றார். ‘நீங்க முன்னால நின்னு லாரிய எறக்கிவிட்டாப் போதும் பிள்ளைவாள், மத்ததை நாங்க பாத்துக்குறோம்’ என்றார். அந்த ‘மத்தது’ என்ன என்று நான் கேட்கவில்லை.

லாரி வரும் நாள் மாசி மகம் என்று குறித்தார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். வயலுக்குச் சொந்தக்காரன் ஊரில் இல்லாவிட்டால் லாரியை யார் இறக்குவது? யார் வயலில் இறக்குவது? விடிந்ததும் அகிலாண்டத்திடம் அபிராமி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ‘இன்னிக்குப் போவணுமா?’ என்று கேட்டாள். ‘இன்னிக்குத்தான் விசேஷம்’ என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ரயில்வேயில் இருக்கிற உங்களிடம் சொல்லக் கூசுகிறது, செம்பனார்கோயில் ஸ்டேஷனில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் திருக்கடையூருக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். அதற்கு அப்பால் கண்ணை மூடித் தூங்குவதுபோல் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் இலாகா மன்னிக்க வேண்டும்.

மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகளெல்லாம் கடலாட வந்து இறங்கியிருந்தன. கரையெல்லாம் ஜனம். மணலில் சின்னப் பந்தல் போட்டு நாயனக்காரர் தோடியை எடுத்திருந்தார். ஊரில் இருக்கிற லாரியும் மரக்காலும் பெரிய பண்ணையும் என் தலையை விட்டு இறங்கிப் போன மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாயனக்காரருக்கு நேர் எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நின்றார். எங்கேயோ பார்த்த முகம் என்று நினைத்தேன். பார்க்காமல் என்ன? தினமும் பார்க்கிற முகம். எங்கள் ஊர்ச் சங்கத்துக் கிளைச் செயலாளர் இராஜாங்கம்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அப்பா என் அப்பாவிடம் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் என் நாக்கு ‘வாடா’ என்று புரளப் பார்க்கும். சங்கம் வந்த பிறகு அப்படிச் சொன்னால் நடவு நின்றுவிடும். ‘வாங்க’ என்று சொன்னால் பெரிய பண்ணை என்னை வீட்டில் சேர்க்க மாட்டார். ஆகவே கொஞ்ச காலமாக நான் அவரிடம் முன்னிலையே இல்லாத ஒரு தமிழ் பேசி வந்தேன். ‘வந்தாச்சா?’, ‘சாப்பிட்டாச்சா?’, ‘வயலுக்குத் தண்ணி வச்சாச்சா?’ இதில் யாருக்கும் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் இப்படி ஒரு வசதி இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காதவன்போல் பின்பக்கமாக இரண்டு அடி வைத்தேன். பின்பக்கம் கடல் என்பது மறந்துவிட்டது. ஒரு அலை வந்து முழங்காலுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டியது, நான் மல்லாந்தேன். வாயெல்லாம் உப்பு. செருப்பில் ஒன்று என் கண்ணெதிரே, அந்த ஊர்க் கோட்டையைக் கட்டியவர்களின் டென்மார்க்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இதற்குள் ஒரு கை என் கையைப் பிடித்துப் பரபரவென்று மணலுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. இராஜாங்கத்தின் கைதான். ‘ஐயா, ஒண்ணும் ஆவலையே?’ என்றார். ‘ஒண்ணும் ஆவல’ என்றேன். இரண்டு பேரும் அதற்குமேல் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். இழுத்த சமயம் பார்த்து, சாமி கும்பிட வந்திருந்த பெரிய பண்ணையின் கணக்குப்பிள்ளை கூட்டத்தில் நின்றிருக்கிறார். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அவர் அடுத்த வண்டிக்கே ஊருக்கு ஓடியிருக்கிறார்.

ஈர வேட்டியோடு அப்துல் ஜலீல் கடைக்குப் போனேன். கடலைப் பார்த்த கீற்றுக் கொட்டகை. சுறாப்புட்டும் நண்டு வறுவலும் அவரைப்போல் செய்ய இந்தக் கடற்கரையில் வேறு ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம். கடையின் பின்பக்கம் ஒரு திரை கட்டி, உள்ளே ஒரு மேஜை போட்டிருக்கிறார். அதற்குச் ‘சைவ ரூம்’ என்று பெயர். சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்து உள்ளே போனவர்கள் உண்டாம். அது சைவர்கள் அசைவம் சாப்பிடும் இடம். ‘வாங்க பிள்ளைவாள்’ என்று ஜலீல் பாய் ரகசியக் குரலில் வரவேற்றார். ‘உள்ள ஒருத்தர் இருக்காரு. அவரும் வெளிய தெரியக் கூடாதவருதான். பரவாயில்லியா?’

திரையை விலக்கினேன். இராஜாங்கம்.

திரும்பிப் போகலாம் என்றால் நண்டு வாசனை விடவில்லை. நெற்றியில் இருந்த விபூதியைத் துண்டால் துடைத்தேன். அழிக்கவில்லை, ஒத்தி எடுத்தேன். உட்கார்ந்தேன். ‘திருக்கடையூர் வந்தாப்ல...’ என்று இழுத்தேன். ‘தெரியுதுங்க’ என்றார். ஜலீல் பாய்க்கு எங்கள் ஊர் விவகாரம் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இலை போட்டு, ஒரே கரண்டியால் ஒரே அளவு பரிமாறினார். கொஞ்ச நேரம் ஓடு உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது நண்டுக்கு மேல் மனுஷனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

‘இன்னிக்கு ஊர்ல ஒரு லாரி வர்றதா...’ என்றேன்.

‘வருதுங்க. அதுக்கு முன்னால மொத ஆளா நான் குறுக்க படுக்கணும்னு சங்கத்துல தீர்மானம்’ என்றார் அவர். ‘படுக்கப் பயமில்ல. இல்ல, பயந்தான், என்னத்துக்குப் பொய் சொல்லணும்? ஆனா நான் படுத்தா எனக்குப் பின்னால நிக்கிற பயலுவ சும்மா இருக்க மாட்டானுவ. கல்லு விழும். கல்லு விழுந்தா போலீசு சுடும். நான் ஊர்ல இல்லன்னா, நான் வர்ற வரைக்கும் எதுவும் ஆரம்பிக்காதுங்க. ஏற்கெனவே என்னைப் புடிக்கச் சொல்லி ஆர்டர் வேற இருக்கு. அதான் பாய் இங்க உக்கார வச்சிருக்காரு.’

‘லாரிய எறக்க வேண்டியது நான்’ என்றேன். ‘நானும் அதே கணக்குப் போட்டுத்தான் வந்தேன்.’

இராஜாங்கம் கையில் இருந்த நண்டுக் காலை இலையில் வைத்தார். ‘அப்ப அந்த லாரி யாரைப் பாக்க வருதுங்க?’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சிரிக்கிற சத்தம் கேட்டு ஜலீல் பாய் எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு துண்டு வஞ்சிரம் வைத்துவிட்டுப் போனார்.

‘மேளம்னா அவ்வளவு பிரியமா?’ என்று கேட்டேன். ‘நம்ம கோயில்ல வாசிக்கிறப்ப எங்க தெருவுக்குக் காத்து திரும்பினா பாதி வரும், திரும்பாட்டி அதுவும் இல்ல’ என்றார். ‘தோடியில பாதிதாங்க எனக்குத் தெரியும். கடக்கரையில செவரு இல்லீங்களே. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.’ என் இலையில் இருந்த பெரிய நண்டை எடுத்து அவர் இலையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டார்.

அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு ஒரு காக்கிச் சட்டை உள்ளே வந்தது. திருவிழா பந்தோபஸ்துக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர். நான் பாதி எழுந்துவிட்டேன். அவரோ எங்களைப் பார்த்துச் சங்கோஜமாகச் சிரித்து, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றி விபூதியை ஒத்தி எடுத்துக்கொண்டார். அவரும் சைவ ரூம்தான்! ‘அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுல சேக்க மாட்டாங்க’ என்று சொல்லிக்கொண்டே எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். ‘எந்த ஊருங்க?’ என்று கேட்டார். நான் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னேன். ‘இவரு?’ என்றார்.

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் எனக்கு எந்தப் பெயரும் வரவில்லை. உங்கள் பெயர்தான் வந்தது. ‘என் தங்கச்சி வீட்டுக்காரர், கல்யாணம். நாகபுரியில ரயில்வேயில பெரிய உத்தியோகம்’ என்றேன். இராஜாங்கம் இருமினார். போலீஸ்காரர் முன்னால் மாப்பிள்ளைக்கு முன்னிலை இல்லாத தமிழில் தண்ணீர் கொடுக்க முடியுமா? ‘தண்ணி குடிங்க மாப்பிள்ளை’ என்றேன். ‘சரிங்க... மச்சான்’ என்றார் அவர். அந்த ‘மச்சான்’ வெளியே வர ரொம்பச் சிரமப்பட்டது.

சப்-இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். தாயாரைக் காசிக்கு அழைத்துப்போக வேண்டுமாம்; நாகபுரி வழியாகத்தான் வண்டி; படுக்க இடம் கிடைக்கவில்லையாம். ‘உங்களுக்கு அங்க என்ன வேலைங்க?’ என்று இராஜாங்கத்தைக் கேட்டார். ‘வண்டிய அனுப்புற வேலைங்க’ என்றார் இராஜாங்கம். ‘எல்லா வண்டியையுமா?’ ‘வர்ற வண்டிய அனுப்பிவிட்டுடுறதுங்க.’ ‘சௌகரியமா இருக்கா?’ ‘எங்கங்க! சட்டத்துல உள்ள சம்பளத்தைக் குடுக்க மாட்டேங்குறாங்க. கேட்டா வெளியூர்லேருந்து ஆள் கொண்டாருவேங்குறாங்க.’ சப்-இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். ‘சென்ட்ரல் சர்க்கார்லயும் அப்படித்தானா? அப்ப என்ன செய்வீங்க?’ ‘சங்கம் இருக்குங்க’ என்றார் இராஜாங்கம். எனக்கு வஞ்சிர முள் தொண்டையில் சிக்கியது. இரண்டு பேரும் சேர்ந்து என் முதுகில் தட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ரயில்வே ஆபீசர் நடந்து போவதாவது என்று சப்-இன்ஸ்பெக்டர் எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஜலீல் பாய் பிரியத்தோடு ஒரு கூடை மீனையும் கொடுத்தனுப்பினார். வழியில் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, காசிப் பயணத்து விவரத்தையெல்லாம் எழுதிக் கொடுக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெஞ்சு ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். எங்கள் ஊர்ச் சங்கத்து ஆள் ஒருவர் சைக்கிளில் அந்த வழியாகப் போயிருக்கிறார். ஸ்டேஷனில் இராஜாங்கம், பக்கத்தில் மிராசுதார், கையில் காப்பி. அவர் வேறு என்ன நினைப்பார்? பிள்ளை காட்டிக் கொடுத்துவிட்டார் என்று ஊருக்குப் பறந்திருக்கிறார். ஆக, சங்கத்துக்காரர்கள் என்னைக் கடத்திவிட்டார்கள் என்று மேலத்தெருவும், நான் தலைவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று கீழத்தெருவும் ஒரே நேரத்தில் கொதிக்க ஆரம்பித்திருக்கின்றன. நாங்கள் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்டேஷனில் டெலிபோன் அடித்தது. பேசிவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். ‘ஏறுங்க, மொதல்ல ஒரு எடம் போயிட்டு உங்களை எறக்கிவிடுறேன். கொன்றைநல்லூர்ல வெட்டுக்குத்து ஆகும்போல இருக்கு’ என்றார். ஜீப் கிளம்பிய பிறகு, ‘அமிர்தலிங்கம்னு ஒரு மிராசுதாரை இராஜாங்கம்னு ஒருத்தன் கடத்திட்டானாம். உங்க பக்கந்தானே, கேள்விப்பட்டிருக்கீங்களா?’ என்று கேட்டார்.

நான் மீன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இராஜாங்கம்தான் பேசினார். ‘மிராசுதாரைத் தெரியுங்க’ என்றார்.

‘எப்படிப்பட்ட ஆளு?’

‘சுமாரான ஆளுதாங்க. பயந்த சுபாவம். கெட்டவரு இல்ல.’

மாப்பிள்ளை, என்னைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கு அதை ரசிக்க முடியவில்லை. வெட்டுக்குத்து என்ற சொல் காதில் இரைந்துகொண்டே இருந்தது. அகிலாண்டம் வீட்டில் தனியாக இருக்கிறாள். இராஜாங்கத்தின் சம்சாரம் செவ்வந்தி கீழத்தெருவில் இருக்கிறாள். இரண்டு தெருவும் கீற்றுக் கூரை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் கூரைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஊரில் இல்லாவிட்டால் ஒன்றும் ஆரம்பிக்காது என்று கணக்குப் போட்டோமே, இரண்டு பேரும் இல்லாததுதான் ஆரம்பித்து வைத்துவிட்டது.

இதற்குள் ஊரில் நடந்ததை எனக்குப் பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள்; எல்லாம் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் எழுதுகிறேன். செவ்வந்தி எங்கள் கொல்லைப்பக்கம் வந்து, ‘அம்மா, ஒங்க ஐயா எங்க போயிருக்காங்க?’ என்று கேட்டிருக்கிறாள். ‘திருக்கடையூர்’ என்றிருக்கிறாள் அகிலாண்டம். ‘நெசமாவா?’ என்றதற்கு, ஒரு நிமிஷம் யோசித்து, ‘இல்ல’ என்றாளாம். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து வாய்க்கால் மதகுக்குப் போயிருக்கிறார்கள். மதகுக்கு அந்தப் பக்கம் கம்பும் தடியுமாக நம் ஆட்கள். பெரிய பண்ணை தோளில் கொக்கு சுடுகிற துப்பாக்கி. அது கொக்குக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் பார்க்காது. இந்தப் பக்கம் அரிவாளோடு கீழத்தெரு. நடுவில் மதகுக் கட்டையில் இந்த இரண்டு பெண்டுகளும் ஏறி நின்றிருக்கிறார்கள்.

அகிலாண்டம் ஜனக் கூட்டத்தில் வாய் திறந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை. ‘எங்க வீட்டுக்காரரை யாரும் கடத்தல! அவரு மீன் திங்கப் போயிருக்காரு!’ என்று சொல்லியிருக்கிறாள். கூட்டம் நம்பவில்லை. பெரிய பண்ணை, ‘தங்கச்சி, வீட்டு மானத்தை விட்டுப் பேசாத’ என்று அதட்டியிருக்கிறார். ‘மானம் அப்புறம் சம்பாதிச்சுக்கலாம். மாசாமாசம் கொண்டாந்து குடுக்குறாரே அபிராமி குங்குமம், அதுல மீன் வாசனை அடிக்கிறது இத்தனை வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு அவரு. நீங்களும் அப்படித்தானா?’ என்று கேட்டாளாம். செவ்வந்தி தன் பங்குக்கு, ‘எங்க வீட்டு ஆளும் மேளம் கேக்கத்தான் போயிருக்கும். மேளத்தைக் கேட்டா அதுக்குச் சோறு, தண்ணி, சங்கம் எதுவும் வேண்டாம்’ என்றாளாம். அவர்கள் இரண்டு பேரும் இறங்காததால் யாரும் மதகைத் தாண்டவில்லை. பெண்டுகளைத் தள்ளிவிட்டுப் போக முதல் கை யாருக்கும் எழவில்லை.

எங்கள் ஜீப் போய் நின்றபோது இதுதான் நிலவரம். சப்-இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி, ‘யாரும்மா அமிர்தலிங்கம் சம்சாரம்? உங்க வீட்டுக்காரரைக் கடத்தினது யாரு?’ என்றார். அகிலாண்டம் மோவாயால் காட்டினாள். ‘நீங்கதான்போல இருக்கு. ஒங்க ஜீப்புலேருந்து எறங்குறாரே!’ நான் கையில் கூடையோடு, கூடையிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்க, ஒற்றைக்காலில் செருப்போடு இறங்கினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, எனக்குப் பின்னால் இறங்கியவரைப் பார்த்தார். ‘அப்ப இவரு? இவரு உங்க நாத்தனார் வீட்டுக்காரர் கல்யாணந்தானே?’ என்று அகிலாண்டத்தைக் கேட்டார்.

கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘இராஜாங்கம்’ என்று சொன்னால் போதும், விலங்கு மாட்டவேண்டியதுதான். விலங்கு மாட்டினால் அரிவாள் எழும். பெரிய பண்ணையின் வாய் பாதி திறந்துவிட்டது. அகிலாண்டத்தின் கண் ஒரு தரம் மூடித் திறந்தது.

‘ஆமா. எங்க வீட்டு மாப்பிள்ளை. நாகபுரியிலேருந்து வந்திருக்காரு’ என்றாள். பிறகு, ரெண்டு தெருவும் கேட்கிற குரலில், ‘வாங்க. வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க, வீட்டுக்கு வாங்க’ என்றாள்.

பெரிய பண்ணை வாயை மூடிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் இராஜாங்கத்தின் வெடித்த பாதத்தைப் பார்த்தார். ரயில்வே ஆபீசரின் பாதம் அப்படி இருக்காது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் அவருடைய காக்கிச் சட்டையின் மூன்றாவது பித்தானைப் பார்த்தேன். அதன்மேல் நண்டு மசாலா காய்ந்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். பித்தானைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘மாப்பிள்ளை வந்த எடத்துல எதுக்குய்யா கூட்டம்?’ என்று சத்தம் போட்டார். ‘நீ யாரும்மா அரிவாளோட?’

‘நான் அறுப்புக்கு வந்தவங்க’ என்றாள் செவ்வந்தி. பக்கத்தில் நின்ற தன் புருஷனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ‘கூலி பேசி முடியல. அதான் நிக்கிறோம்.’

‘நீங்கதானே மிராசுதார்? என்ன கூலி?’ என்று என் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. பெரிய பண்ணை தலையை அசைத்தார், வேண்டாம் என்று. கீழே வைத்தால் தப்பித்துப் போய்விடும் என்பதுபோல் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ‘சட்டத்துல உள்ளது’ என்றேன். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. ‘சட்டத்துல உள்ளதைக் குடுக்குறேன்!’ என்று இன்னொரு தரம் கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

செவ்வந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் வயலில் இறங்கினாள். அவள் பின்னால் பெண்கள், அவர்கள் பின்னால் ஆண்கள். அரிவாள்கள் கதிரில் இறங்குகிற சத்தம் கேட்டதே, தோடியை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அதுதான் பெரிய சங்கீதம். ரோட்டோரம் வெளியூர் லாரி நின்றது. இறக்க ஆள் வராததால் டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாராம். எழுப்பித் திருப்பி அனுப்பினோம். பெரிய பண்ணை ஒரு நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். நேற்று அவர் வயலில் நெல் உதிர ஆரம்பித்ததும் அவரும் அதே கூலிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். இராஜாங்கம் மேல் இருந்த ஆர்டரையும் கூலித் தகராறு தீர்ந்துவிட்டதால் எடுத்துவிடுவார்கள் என்று தாசில்தார் சொன்னாராம்.

ஒன்று விட்டுப்போயிற்று. மாப்பிள்ளையை வீட்டில் விடாமல் போகமாட்டேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் பிடிவாதம் பிடித்ததால், இராஜாங்கம் எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்கள் வந்தால் குடிக்கிற வெள்ளி டம்ளரில் அகிலாண்டம் காப்பி கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு டம்ளரைக் கழுவி, எப்போதும் வைக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ‘என்ன?’ என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். மறுநாள் களத்தில் இராஜாங்கத்தைப் பார்த்தபோது பழையபடி ‘வந்தாச்சா’ என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். ஒரு தரம் ‘குடிங்க’ என்று சொன்ன நாக்கு திரும்பிப் போகமாட்டேன் என்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, தங்களிடம் கோருவதெல்லாம் இதுதான். காசிப் பயணம் குறித்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எழுதினால் தாயாருக்குப் படுக்க இடம் வாங்கிக் கொடுத்துவிடவும். உங்களுக்குச் சம்பளம் சரியில்லையே என்று அவர் வருத்தப்பட்டால் ஆமாம் என்று சொல்லவும். லீவை வீணாக்க வேண்டாம். ஊர் அமைதியாக இருக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது. அகிலாண்டம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மீனைப் பொறுத்தவரை அந்தக் கூடை செவ்வந்தி வீட்டுக்குப் போய்விட்டது. அதோடு எனக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது. தரங்கம்பாடி பக்கம் இனி இந்த வீட்டிலிருந்து யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, உங்கள் எல்லா வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர அபிராமி துணை இருப்பாளாக. பர்வதத்துக்கு என் ஆசீர்வாதம். நெல் நன்றாகக் கண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மைத்துனன்,
அமிர்தலிங்கம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன். அதற்குள் அகிலாண்டமும் செவ்வந்தியும் உள்ளே வந்து, வருகிற வெள்ளிக்கிழமை பெண்டுகள் இரண்டு பேரும் ரயிலில் தரங்கம்பாடி போய்வரப் போவதாகவும், அன்று முழுக்க நானும் இராஜாங்கமும் களத்தில் நெல்லுக்குக் காவல் இருந்து சமையலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது; இராஜாங்கத்துக்கும் தெரியாதாம். லீவை ரத்து செய்ய வேண்டாம், உடனே புறப்படவும். அகிலாண்டம் கடலைப் பார்க்க மட்டும்தான் போகிறாளாம். முதல் தடவை நானும் கடலைப் பார்க்கத்தான் போனேன்.